ஆணி போனால் போகட்டும், துளையைக் காப்பாற்றுங்கள்

செட்டிநாட்டில் பழைய கார் என்றால் பெரும்பாலும் ஓடி ஓய்ந்த காரைவிட நின்று ஓய்ந்த கார்தான் அதிகம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என எந்த ஊரை எடுத்தாலும் பெரிய வீட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாசடரோ பத்மினியோ உறை போர்த்தி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், இல்லையென்றால் கோலாலம்பூரில். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று பங்காளிகள் கூடும்போது வண்டி வெளியே வரும்; மற்ற மாதங்களில் காவலுக்கு இருப்பவர் தூசி தட்டுவதோடு சரி. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதைச் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் வண்டியின் அடியில், ஸ்பிரிங் பட்டை உடம்போடு சேரும் இடங்களில் கதை வேறு. அசையும் மூட்டில் கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும், லேசாகப் படியும் துருவும் உரசலில் கழன்றுவிடும். அசையாத மூட்டிலோ கிரீஸில் இருக்கும் எண்ணெய் கசிந்து வெளியேறி, கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு மட்டும் காய்ந்து மிஞ்சும். ஆகவே பழைய காரைப் பழுதுபார்க்க இறங்குபவர் முதலில் மோதப்போவது பெரும்பாலும் இறுகிப்போன ஓர் இரும்பு ஆணியோடுதான். அதிலும் அதிகம் தொல்லை தருவது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பின். பட்டையின் சுருண்ட முனையை, அதாவது கண்ணை, ஷேக்கிள் தகடு வழியாக உடம்போடு கோக்கும் ஆணி அது.

அதை எப்படி எடுப்பது என்பதற்கு முன் எதற்காக எடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்த ஆணியை யாரும் திரும்பப் போடுவதில்லை. அது தேய்ந்திருக்கும், துருப்பிடித்திருக்கும்; புது ஆணியை எந்த லேத்திலும் கடைந்து வாங்கலாம். ஆனால் அந்த ஆணி உட்கார்ந்திருக்கும் துளையை எங்கே வாங்குவது? அம்பாசடரில் லாரியைப் போல் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்புத் தகட்டோடு சேர்ந்த இரும்புதான் பட்டையைத் தாங்குகிறது. அந்தத் துளை கிழிந்தால் வண்டியின் உடம்பே கிழிந்தது என்று பொருள். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றுபோனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் எனாமல் தூக்கும் கிடைக்கும். ஸ்பிரிங் தாங்கியைக் கேட்டுப் பயனில்லை. சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸிலோ உடம்புக் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு யோசனைக்கும் இதுதான் அடிப்படை: ஆணியை எவ்வளவு வேண்டுமானாலும் இழக்கலாம், துளையை ஒரு நூல்கூட இழக்கக் கூடாது.

துரு ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று தெரிந்தால் அதை விடுவிப்பதும் எளிது. அரிப்பைப் பற்றி நாட்டுக்கே பாடம் சொல்லும் நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. உள்ளூர்க்காரர்களுக்கு சிக்ரி. இரும்பு துருவாகும்போது பருமன் கூடுகிறது. எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை. இதை ஷேக்கிள் பின்னுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆணிக்கும் துளைக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்றும், துரு மூன்று மடங்கு ஊதுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பரப்பிலும் சேர்த்து 0.025 மில்லிமீட்டர் இரும்பு கரைந்தாலே இடைவெளி முழுதும் அடைபட்டுவிடும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் கரையும் ஒவ்வொரு துளி இரும்பும் ஆணியை நெருக்கத் தொடங்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு அரிக்கும் வேகம் சட்டென்று கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செட்டிநாட்டுக் காற்றும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தொண்டிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வரும் வண்டிக்கு உப்பு வேறு சேர்கிறது. உப்பு ஒட்டிய இரும்பு குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். வெளிப்பரப்பில் பட்ட நீர் வெயிலில் காய்ந்தாலும், நெருங்கிய இடுக்குக்குள் புகுந்த நீர் எளிதில் காயாது. அதனால்தான் வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும் மூட்டும் உள்ளே பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லா இறுக்கமும் துருவால் வருவதில்லை. பெரும்பாலான சேதம் இங்கேதான் தொடங்குகிறது. ஆணி வராததற்குக் காரணம் பாரமாக இருக்கலாம், துருவாக இருக்கலாம், உருமாற்றமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பாரம் என்றால், வண்டியின் எடையோ வளைந்த பட்டையின் விசையோ ஆணியை ஒரு பக்கமாக அழுத்தி நிற்பது. இதற்கு எண்ணெயும் நெருப்பும் உதவாது. உடம்பை இரண்டு உறுதியான ஸ்டாண்டுகளில் தாங்கவிட்டு, ஆக்சிலுக்கு அடியில் தனி ஜாக் வைத்து அதைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதோ ஓர் உயரத்தில் ஷேக்கிள் தகடு தளர்ந்து கையால் ஆடும். இறுகிவிட்டது என்று கைவிடப்பட்ட ஆணி சில நேரம் அந்த உயரத்தில் விரலாலேயே வந்துவிடும். வெறும் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். உருமாற்றம் என்பது, நீண்ட நாள் ஓட்டத்தில் ஆணியின் நடுப்பகுதி தேய்ந்து பள்ளமாகி, தேயாத ஓரம் புஷ்ஷில் மாட்டிக்கொள்வது. அல்லது முன்பு யாரோ அடித்த அடியில் தலை பூத்துப்போயிருப்பது. பூத்த தலையை அரத்தாலோ கிரைண்டராலோ பழைய விட்டத்துக்குத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தேய்க்காமல் அடித்தால் அந்தத் தலை துளைக்குள் புகும்போதே துளையைச் சீவிக்கொண்டு போகும்.

துருதான் காரணம் என்று தெரிந்தபின் முதல் வேலை எண்ணெய் விடுவது. நீரை உள்ளே இழுத்த அதே நுண்ணிய இடுக்குதான் எண்ணெயையும் இழுக்க வேண்டும். அதற்கு நேரம் தர வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவையும் காய்ந்த சேற்றையும் சுரண்டிவிடுங்கள். இல்லையென்றால் எண்ணெயைச் சேறு குடித்துவிடும். பட்டறைகளில் டீசலோ மண்ணெண்ணெயோ விடுவது வழக்கம். அவை ஊடுருவும், ஆனால் வழவழப்பு குறைவு. டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்கென்று வந்த சரக்கு. லேசான துருவுக்குப் போதும். பல ஆண்டு நின்ற வண்டிக்குத் துரு இளக்கவென்றே விற்கும் எண்ணெய் மேல். காலையில் விட்டு, மாலையில் விட்டு, ஒவ்வொரு முறையும் சிறு சுத்தியால் ஆணியின் தலையிலும் கண்ணின் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். ஆணியை நகர்த்துவது இப்போது நோக்கமில்லை. தட்டும் அதிர்வில் துரு மயிரிழையாக விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி திறக்கும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்புதான்: ஜாப் எடுத்து வேலை செய்பவருக்கு இரண்டு நாள் காத்திருக்க முடியுமா? காத்திருப்பது எண்ணெய்தானே, ஆள் இல்லையே. பிரேக் வேலை, வயரிங், ரேடியேட்டர் என்று நின்ற வண்டியில் வேலைக்குப் பஞ்சமில்லை. வண்டி கொட்டகையில் இருக்கும்போதே, பட்டறைக்கு வருவதற்குச் சில நாள் முன்பாக, வீட்டிலிருப்பவரைக் கொண்டே எண்ணெய் விடச் சொல்லலாம். துளை கிழிந்தால் போகும் நாட்களை எண்ணிப் பார்த்தால் இது கணக்கே இல்லை.

அடுத்தது சுத்தியல். சுத்தியலே கூடாது என்பது என் வாதமில்லை. அடி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான். பட்டை ஸ்பிரிங் என்பதே அதிர்ச்சியை விழுங்குவதற்காகச் செய்த பொருள். அதில் மாட்டியிருக்கும் ஆணியை அடித்தால் அடியின் பெரும்பகுதியைப் பட்டையும் ரப்பரும் விழுங்கிவிடும். மிச்சம் ஆணியின் தலையைப் பூக்கவைக்கும். ‘எவ்வளவு அடித்தாலும் வரவில்லை’ என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கண்ணுக்கு மறுபுறம், ஆணி வெளிவரும் வழியை விட்டு, கனத்த இரும்புக் கட்டை ஒன்றை நெருக்கி அண்டக்கொடுத்தால் அதே அடி முழுதாகத் துருவின்மேல் இறங்கும். ஆணியின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய, முனை தட்டையான மென்னிரும்பு அல்லது பித்தளைப் பஞ்சை வைத்து அடியுங்கள். கடினமான பஞ்சும் கடினமான ஆணியும் மோதினால் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது. சின்னச் சுத்தியால் நூறு அடி அடிப்பதைவிடப் பெரிய சுத்தியால் நேராக விழும் நாலு அடி மேல். சிறு அடிகள் தலையைத்தான் பூக்கவைக்கும். கனமான அடி ஆணியின் முழு நீளத்துக்கும் போய்ச் சேரும்.

அதைவிட மேலான வழி இழுப்பது. தள்ளப்படும் ஆணி நுண்ணளவேனும் பருத்து துளையை நெருக்கும். இழுக்கப்படும் ஆணி அதே அளவு மெலியும். அந்த வித்தியாசம் மிகச் சிறியதுதான், ஆனால் இழுவையில் தலை பூக்காது என்பது பெரிய லாபம். ஆணியின் முனையில் மரை இருந்தாலோ, நடுவில் துளையிட்டு மரை போட முடிந்தாலோ, கனத்த குழாய்த் துண்டு ஒன்றைக் கண்ணின்மேல் நிறுத்தி, அதன்மேல் தடித்த வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டுமாக இறுக்குங்கள். நட்டு கல்லாக இறுகியதும் நிறுத்திவிட்டு, கண்ணின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். இழுவை இருக்கும்போதே விழும் அதிர்வில்தான் பெரும்பாலான ஆணிகள் ‘டக்’கென்று விடும். தலையில் ஸ்பேனர் பிடிக்க முடிந்த ஆணியை இழுப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம். கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் மூலையை உருட்டிவிட்டால் அது தனித் தொல்லை.

இவ்வளவுக்கும் வரவில்லையென்றால் நெருப்பு. இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரும்பு ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். 16 மில்லிமீட்டர் துளையை 200 டிகிரி சூடேற்றினால் அதன் விட்டம் சுமார் 0.04 மில்லிமீட்டர் கூடும். புது ஆணிக்கு விடும் இடைவெளி அளவுக்கே அது வந்துவிடுகிறது. பிடிப்பை உடைக்க அது போதும். செந்தணலாகக் காய்ச்சுவதால் கூடுதலாகக் கிடைப்பது எதுவுமில்லை, இழப்பதுதான் அதிகம். ஸ்பிரிங் பட்டைக்கு உயிரே அதன் பதம்தான். கேஸ் வெல்டிங் சுடரில் கண் சிவந்துவிட்டால் பதம் போய்விடும். பிறகு ஒருநாள் ரோட்டில் கண் விரிந்தோ முறிந்தோ போகும். கண்ணின் ஓரத்தில் ஓர் இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்துவைத்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது அந்த இடம் 220, 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300 டிகிரி வாக்கில் நீலமாகும். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட வேண்டும். சுடரை ஆணிமேல் காட்டாமல் அதைச் சுற்றிய இரும்பில் காட்டுங்கள். ஆணியும் சூடானால் அதுவும் கூடவே விரியும். பிறகு ஆணியின் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி இடுக்கில் இறங்கும். சுடரை அணைத்தபின் எண்ணெயைவிட மெழுகு பத்திரம். நெருப்பு வைப்பதற்கு முன், அதுவரை விட்ட எண்ணெயைத் துடைத்தெடுங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் டாங்க் பின்பக்கம்தான் என்பதையும், பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே ஓடுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாங்கைக் கழற்றாமல் அங்கே சுடர் காட்டுவது அறிவீனம். ரப்பர் புஷ் இருக்கும் கண்ணில் நெருப்பே வேண்டாம். புகையும் நஞ்சு, வேலையும் நடக்காது.

‘கேஸ் கட்டிங் வைத்தால் பத்து நிமிஷம்’ என்பது எல்லாப் பட்டறையிலும் கேட்கும் வாதம். லாரிப் பட்டறையில் அது செல்லவும் செல்லும். லாரியின் தாங்கி தடித்த வார்ப்பு, புதிதாகவும் கிடைக்கும். காரின் உடம்புத் தகட்டின் அருகே அந்தச் சுடர் போனால் ஆணியோடு துளையும் போகும். ஆனால் வெட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. துளைதான் முக்கியம் என்றால் ஆணியைத் தியாகம் செய்வது சில இடங்களில் மிகச் சரியான முடிவு. உள்ளே உலோகக் குழாய் வைத்த ரப்பர் புஷ் அப்படிப்பட்ட இடம். ஆணியும் அந்தக் குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்துவிட்டால், எவ்வளவு திருகினாலும் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும், அடித்தாலும் ரப்பர்தான் வாங்கிக்கொள்ளும். அங்கே நாள் கணக்கில் போராடாமல், கண்ணுக்கும் ஷேக்கிள் தகட்டுக்கும் நடுவே ஹேக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் ஆணியை அறுத்துவிடுங்கள். பட்டை தனியாக இறங்கிவிடும். மிச்சத்தை மேஜைமேல் வைத்து பிரஸ்ஸில் தள்ளிக்கொள்ளலாம். உடம்புத் துளையில் தங்கிவிட்ட துண்டுக்கு, அதன் நடுமையத்தில் சிறு துளையிட்டு, படிப்படியாகப் பெரிதாக்கி, மெல்லிய ஓடு மட்டும் மிஞ்சும்வரை கொண்டுபோய், அந்த ஓட்டை உள்பக்கமாக மடித்தெடுங்கள். துளையின் சுவரை டிரில் தொடக் கூடாது.

அமிலம் விட்டால் துரு கரைந்துவிடுமே என்பார்கள் சிலர். புளி தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்கு பளபளப்பது எல்லார் வீட்டிலும் கண்டதுதான். ஆனால் அமிலம் திறந்த பரப்பில் வேலை செய்யும் வேகத்தில் இடுக்குக்குள் செய்யாது. உள்ளே துரு கரைவதற்குள் வெளியே நல்ல இரும்பு கரைந்துவிடும். கழிப்பறை கழுவும் அமிலமோ இன்னும் மோசம். பதம் ஏற்றிய ஸ்பிரிங் இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும்.

மற்ற ஆணிகளுக்கும் இதே நியாயம்தான், சில நுணுக்கங்கள் மட்டும் வேறு. கூம்பு ஆணியை மெல்லிய முனையிலிருந்துதான் அடிக்க வேண்டும். சரிவு ஐம்பதில் ஒன்று அளவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையையும் காலிப்பரால் அளந்து பாருங்கள். நட்டால் இழுத்துப் பிடிக்கும் காட்டர் பின்னில் நட்டை முழுதும் கழற்றாமல் மரையின் முனையோடு சமமாக விட்டு அடித்தால் மரை சிதையாது. கிங் பின் உள்ள வண்டியில் குறுக்கே செல்லும் பூட்டு ஆணியை எடுக்காமல் கிங் பின்னை அடித்தால், அது துரு இல்லை, வெறும் அறியாமை. சுருள் ஆணிக்கு உள்ளே வெற்றிடம் உண்டு, முனை தட்டையான சரியளவு பஞ்ச் இல்லாமல் தொட்டால் வாய் நசுங்கும். பழைய ஜீப்களின் மரையிட்ட ஷேக்கிள்களில் சிலவற்றில் இடது மரை இருக்கும். வராததற்குக் காரணம் எதிர்த்திசையில் திருப்பியதாகக்கூட இருக்கலாம். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்சக்கர டிரன்னியன் போல்ட் தன் உள்குழாயோடு ஒட்டிக்கொள்வதற்குப் பேர்போனது. அங்கே அறுப்பதே உத்தமம். அந்த டிரன்னியனுக்கு இட வேண்டியது கிரீஸ் இல்லை, இ.பி.90 கியர் ஆயில்.

ஆணி வந்ததும் துளையைத் துடைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் விட்டத்தை அளந்து பாருங்கள். நீள்வட்டமாகிவிட்டிருந்தால் ரீமர் விட்டு வட்டமாக்கி, ஒரு புஷ் இறக்கி, ஆணியைப் பழைய அளவிலேயே போடலாம். துளையைப் பெரிதாக்கிப் பெரிய ஆணி போடுவது அடுத்த பத்தாண்டுக்கு இன்னொருவர் தலையில் சுமையை ஏற்றுவது. புதிதாகப் போடும்போது இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில் கிரீஸோ செப்புப் பசையோ தடவுங்கள். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். பழைய ஆணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதன் தேயாத ஓரத்தில்தான் மூல விட்டம் மிச்சமிருக்கிறது. அளவைச் சொல்லி ஆணி கடையச் சொல்லாமல், அந்த ஓரத்தைக் காட்டி லேத்துக்காரரையே மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.